மேடைக்கு வந்த மின்சாரம்

மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அரண்மனையிலோ அரசாங்க மாளிகையிலோ தொடங்கவில்லை. அது ஓர் ஈயச் சுரங்கத்தின் விளிம்பில் தொடங்கியது. கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங்கில், 1894ஆம் ஆண்டில், கா. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தம் சுரங்க வேலைக்காக ஒரு மின்னாக்கி யந்திரத்தை நிறுவினர். தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற்சான்று அதுவே. மறு ஆண்டில் கோலாலம்பூர்ப் புகைவண்டி நிலையத்திற்கு மின்னொளி வந்தது. 1900இல் பகாங் மாநிலத்து ரவுப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. சுரங்கம், இரயில், மறுபடியும் சுரங்கம் என்று பொருள் ஈட்டும் இடங்களைத் தேடியே அந்தப் புதிய சக்தி சென்றது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரவாங்கிற்கு மின்சாரத்தைக் கொண்டுவந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான் 1873இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவர். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெறுவதற்கும் அவரே காரணர். திருவிழாவும் மின்சாரமும் இவ்வாறு ஒருவர் கையாலேயே இந்நாட்டில் வேர்கொண்டன. ஆயினும், திருவிழாப் பந்தலிலும் நாடக மேடையிலும் மின்சாரம் வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் சென்றன. தோட்டப்புறங்களில் அது இன்னும் தாமதித்தே வந்தது. வந்தபோது விளக்கு வந்தது, ஒலிபெருக்கியும் வந்தது, அவற்றைக் கையாளும் எச்சரிக்கை மட்டும் கூடவே வரவில்லை. அது ஏன் பின்தங்கியது என்பதை அறிய, மேடையொளியின் பழைய நிலையிலிருந்து பார்த்து வருதல் வேண்டும்.

கூத்து மேடைக்கு ஒளி தந்தது தீவட்டி. எண்ணெயில் தோய்ந்த துணி எரியும். அதை ஏந்தியவர் கூத்தனின் முகத்தருகே நிற்பார். ஒளி சிறிது, ஆட்டமோ விடிய விடிய நடக்கும். கூத்தனின் கிரீடத்திலும் புஜகீர்த்தியிலும் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டதை வெறும் அலங்காரம் என்று எண்ணுதல் கூடாது. அசையும் தீயை வாங்கி நூறு மடங்காக வீசுவதற்கு அவையே கருவி. முகத்தில் அழுத்தமான சிவப்பும் மஞ்சளும் பூசியதற்கும் காரணம் அதுவே. ஒளி குறைந்த இடத்தில் நிறம் மிகுந்தாக வேண்டும். அந்த மேடையிலும் அபாயம் இருந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த அபாயம். நெருப்பு நெருப்பாகவே காட்சியளித்தது. குழந்தையும் விலகி நின்றது.

அடுத்த மாறுதல் பம்பாயிலிருந்து வந்தது. பார்சி நாடகக் குழுக்கள் வண்ணத் திரைகளையும், மேடை விளிம்பில் நடிகரின் காலடியில் வரிசையாக அமையும் விளக்குகளையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றன. தமிழ்நாட்டுக் கம்பெனி நாடகங்கள் அந்த அமைப்பை ஏற்றுக்கொண்டன. அதே பார்சிக் குழுக்கள் 1870களில் பினாங்குக்கும் வந்தன. அவற்றைக் கண்டே மாமாக் பூஷி என்பவர் 1885இல் பினாங்கில் ஒரு நாடகக் குழுவை அமைத்தார். மலாய் மக்களின் ‘பங்சாவான்’ நாடகம் அதிலிருந்து வளர்ந்தது. தமிழ்க் கம்பெனி நாடகமும் பங்சாவானும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை என்பது பலரும் அறியாத ஒன்று. இரண்டு மேடைகளிலும் நடிகரின் முகத்திற்கு ஒளி கீழிருந்தே வந்தது. மூக்கின் நிழல் நெற்றியில் விழுந்தது. அரக்கன் வேடத்திற்கு அது பொருந்தியது, சீதைக்குப் பொருந்தவில்லை.

ஆஸ்திரிய நாட்டு அறிஞர் அவுவர் வெல்ஸ்பாக் 1885இல் காஸ் விளக்கின் வலைத்திரிக்கு உரிமை பெற்றார். 1910 வாக்கில் ஜெர்மனியில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் தொழிற்சாலை அந்தத் திரியை அழுத்த மண்ணெண்ணெயுடன் இணைத்து ‘பெட்ரோமாக்ஸ்’ விளக்கைச் செய்தது. நம்மவர் அதைக் காஸ் விளக்கு என்றே வழங்கினர். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய்தானே, பெயர் தவறு என்பாரும் உண்டு. எண்ணெய் ஆவியான பிறகே எரிவதால், பெயர் அப்படியொன்றும் பிழையன்று. கிள்ளானுக்கு வடக்கே மேரு, காப்பார் வட்டாரங்கள் உள்ளிட்ட ரப்பர்த் தோட்டங்களில், ஒரு தலைமுறையின் திருவிழா நினைவுகள் யாவும் அந்த விளக்கின் இரைச்சலோடு சேர்ந்தவை. இடைவேளையில் ஒருவர் வந்து பம்பு அடிப்பார். ஒளி கூடும், பிறகு மெல்ல மங்கும்.

மேலைநாட்டு அரங்குகளில் அக்காலத்தில் எரிந்தது குழாய்வழி வரும் காஸ். அதன் விளைவு கொடுமையானது. 1881 டிசம்பர் 8ஆம் நாள் வியன்னா நகரின் ரிங் அரங்கில் விளக்கேற்றும்போது காஸ் கசிந்து திரைகளில் தீப்பற்றியது. காஸை நிறுத்தியதும் கட்டடம் முழுவதும் இருண்டது. ஆபத்து நேரத்திற்கென வைத்திருந்த எண்ணெய் விளக்குகளை யாரும் ஏற்றி வைக்கவில்லை. முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயைவிட இருட்டும் நெரிசலும் கொன்றவர் பலர்.

இருபது நாட்கள் சென்றன. டிசம்பர் 28ஆம் நாள், லண்டன் சவாய் அரங்கின் மேடை முதன்முறையாக மின்விளக்கில் ஒளிர்ந்தது. அரங்கிலும் மேடையிலுமாக ஏறத்தாழ 1,200 விளக்குகள். செய்தவர் ஜோசப் ஸ்வான். அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் கூட்டத்தின் முன் வந்து நின்றார். எரிந்துகொண்டிருந்த ஒரு மின்விளக்கின் கண்ணாடியை அவர்கள் கண்ணெதிரே உடைத்தார். விளக்கு அணைந்தது, தீ எழவில்லை. மின்சாரம் அழகுக்காக மட்டும் அரங்கினுள் அழைக்கப்பட்டதன்று; பாதுகாப்புக்காகவே அழைக்கப்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. இதை இன்று பெரும்பாலோர் மறந்துவிட்டனர்.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1903 டிசம்பர் 30ஆம் நாள் சிக்காகோவின் இரோக்வா அரங்கில், மேடையோரம் இருந்த மின்வில் விளக்கின் பொறி மெல்லிய திரையில் பாய்ந்தது. தீயைத் தடுக்க அமைந்த திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வாயில்கள் பல பூட்டியிருந்தன. 602 பேர் மாண்டனர். அரங்கு திறந்து ஆறு வாரங்களும் நிறையவில்லை. மின்சாரம் தீயை ஒழித்துவிடவில்லை, அதை வேறிடத்தில் ஒளித்து வைத்தது என்று உலகம் உணர்ந்துகொண்டது அன்றுதான். அவசர வாயில், தனி மின்வழியில் எரியும் வழிகாட்டி விளக்கு, தீப்பற்றாத திரை ஆகியவற்றை இன்று பல நாடுகளின் சட்டங்கள் வற்புறுத்துவதற்குப் பின்னால் இத்தகைய அரங்குகளின் சாம்பல் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை இரு வகைப்பட்டது. பட்டணத்தில் மின்சாரம் நிலைபெற்றிருந்தது. 1920களின் இறுதியில், பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில் பெரியதொரு மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் பொறுப்பேற்றது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின் நிலையம் எழுந்தது. பட்டணத்து மண்டபங்களுக்கு உரிமம் பெற்ற வயர்மேன் வந்து கம்பி இழுத்தார். அதிகாரி வந்து சோதித்தார்.

தோட்டத்தின் கதை வேறு. மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தாலும், தோட்டத்து லயங்களுக்கு அதன் கம்பி வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தோட்ட நிர்வாகத்தின் சொந்த யந்திரம் மாலையில் சில மணி நேரம் ஓடும். குறித்த நேரத்தில் நின்றுவிடும். திருவிழா நாளில் நேரத்தை நீட்டித் தரும்படி துரையிடம் கேட்க வேண்டும். கிடைத்த மின்சாரத்தைக் கிடைத்தபோதே, கிடைத்த கம்பியைக் கொண்டு மேடைக்கு இழுப்பது அங்கே வழக்கமாயிற்று. இரு கம்பிகளை முறுக்கித் துணி நாடாவைச் சுற்றுவது, பிளக் இல்லாத கம்பியின் நுனிகளைச் சாக்கெட்டில் செருகி நெருப்புக்குச்சியால் இறுக்குவது, நனைந்த புல்லின்மீது கம்பியை ஓடவிடுவது ஆகியவற்றை அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுக்குதல் முறையன்று. கொடுக்கப்பட்ட அளவுக்குள் ஒரு விழாவை நடத்திக் காட்டிய மக்களின் சாமர்த்தியமும் அதில் உண்டு. ஆனால் மின்சாரம் தாராளமாக வந்த பிறகும் அந்தச் சாமர்த்தியம் போகவில்லை. வாடகைக்கு வரும் பெரிய விளக்குகளோடும் ஒலிபெருக்கிகளோடும் அது தொடர்ந்தது. தீமை விளைந்தது அங்கேதான்.

மேடையொளியைக் கலையாக்கியது, விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் கிடைத்த வசதி. தொடக்கத்தில் அதைச் செய்தது உப்புநீர். மண்சாடியில் உப்புக் கரைத்த நீரை நிரப்பி, அதில் ஓர் உலோகத் தகட்டை இறக்கினால் விளக்கு ஒளிரும், உயர்த்தினால் மங்கும். சூரியோதயம், அஸ்தமனம் எல்லாம் அந்தச் சாடிக்குள் அடங்கின. நீர் சூடேறிக் கொதிக்கும். சாடியோ மேடைக்குப் பின்னால் இருட்டில், நடிகர்கள் ஓடும் வழியில் இருக்கும். கல்கத்தாவில் தாபஸ் சேன் என்ற கலைஞர், மலிவான விளக்குகளையும் தகரக் குவளைகளையும் கொண்டு வியப்புகளைச் செய்தார். 1959இல் உத்பல் தத் மினர்வா அரங்கில் மேடையேற்றிய ‘அங்கார்’ நாடகத்தின் முடிவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகும். மேடையில் ஒரு துளி நீர் இல்லாமல், ஒளியை மட்டுமே கொண்டு அந்த வெள்ளத்தை அவர் ஏறிவரச் செய்தார். தமிழ் மேடையில் ஒளியும் காட்சியும் சிறப்புற்றதற்கு நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகங்களையும், பின்னர் ஆர். எஸ். மனோகரின் நாடகங்களையும் எடுத்துக்காட்டுவர். அவற்றில் ஒளி பெரும்பாலும் வித்தைக்கு ஏவல் செய்தது. ஒளியே ஒரு பாத்திரமாகும் நிலை வேறு. கோலாலம்பூரில் 1981இல் பிரிக்பீல்ட்ஸ் அறிந்த நுண்கலைக் கோயிலும், 1983இல் ரம்லி இப்ராகிமின் சூத்ரா நடனக் குழுவும் தோன்றிய பிறகு, இந்தப் பள்ளத்தாக்கின் நடன மேடைகளில் அந்நிலை உருவாயிற்று. சூத்ராவின் ஒளியமைப்பாளர் சிவராஜா நடராஜன் ஓவியரும் ஆவார் என்பது தற்செயலான செய்தியன்று.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது பயன் தரும். 240 வோல்ட் மின்சாரத்தில் 1,000 வாட் மேடை விளக்கு ஒன்று சற்றேறக்குறைய 4.2 ஆம்பியர் எடுக்கும். நம் வீடுகளில் உள்ள மூன்று முனைப் பிளக்கின் அளவு 13 ஆம்பியர். ஆகவே மூன்று விளக்குகள் வரை அது தாங்கும். நான்காவதைச் சேர்த்தால் வரம்பு மீறும். நீட்டிப்புக் கம்பியை அதன் சக்கரத்தில் சுற்றியபடியே விட்டு மூன்று விளக்கு எரித்தாலும், சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகிவிடும். பன்னிரண்டு விளக்குகளுக்கு ஐம்பது ஆம்பியர் வேண்டும். அதைத் தருவது கோயில் மடப்பள்ளியின் சாக்கெட்டு ஆகாது. இப்பொழுது வழக்கத்திற்கு வந்துள்ள எல்.இ.டி. விளக்குகள் இந்தச் சுமையைப் பல மடங்கு குறைத்துவிட்டன. வெப்பமும் குறைவு, திரைக்கு அருகே வைத்தாலும் பழைய அச்சம் இல்லை. ஆனால் அதன் உலோகக் கூட்டிற்கும் நிலத்தொடர்பு வேண்டும் என்பது மாறவில்லை.

ஒலியின் வரலாறு இதைவிடச் சுருக்கமானது. அபாயத்தில் அது சிறியதன்று. 1915இல் அமெரிக்காவில் ஜென்சனும் பிரிதமும் ஒலிபெருக்கியைச் செய்தனர். 1919இல் ஜனாதிபதி வில்சன் சான்டியாகோ நகரில் அதன் துணையோடு ஐம்பதினாயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசினார். அதுவரை நாடக நடிகனுக்குத் தொண்டையே மூலதனம். கடைசி வரிசைக்கும் எட்டும் குரல் இல்லாதவர் ராஜபார்ட் ஆக முடியாது. மைக் வந்ததும் மென்குரலுக்கும் மேடையில் இடம் கிடைத்தது. நடிகர் அதன் முன்பாகவே நிற்கக் கட்டுண்டார் என்பது அதன் மறுபக்கம்.

ஒலிக்கருவியோடு ஒரு தொல்லையும் வந்தது. விளக்குகளை ஒரு சாக்கெட்டிலிருந்தும், ஆம்ப்ளிபையரைத் தொலைவிலுள்ள வேறொரு சாக்கெட்டிலிருந்தும் இணைத்தால், இரண்டின் நிலத்தொடர்புகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு ஏற்படும். அது மைக் கம்பியின் உறை வழியே ஓடி, ஒலிபெருக்கியில் ‘உம்’ என்ற இரைச்சலாக வெளிப்படும். இதைப் போக்கும் சரியான வழிகள் உண்டு. மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஒலிக்கம்பியில் பிரிப்பு மின்மாற்றி ஒன்றை இடலாம். ஆனால் விழா நேரத்து அவசரத்தில் பலர் கண்ட குறுக்குவழி, ஆம்ப்ளிபையரின் பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியைக் கழற்றிவிடுவது. இரைச்சல் உடனே நின்றுவிடும். செய்தவர் கெட்டிக்காரர் என்று பெயரும் எடுப்பார். அன்றைய இரவு ஒன்றும் நேராமல் போகலாம். பிறிதொரு நாள், கருவியினுள் ஒரு கம்பி தளர்ந்து கூட்டைத் தொடும்போது, மைக்கின் தலைவரை மின்சாரம் வந்து நிற்கும். 1972 மே 3ஆம் நாள் பிரிட்டனின் சுவான்சி நகரில், கித்தார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி கித்தாரை ஏந்தியபடியே நிலத்தொடர்பற்ற மைக்கைத் தொட்டார். கூட்டத்தின் கண்முன்னே மேடையில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது இருபத்தேழு.

உருகி இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்பவர் பலர். உருகி காப்பது கம்பியை; மனிதனை அன்று. 13 ஆம்பியர் உருகி அறுவதற்கு அதற்கும் மேற்பட்ட மின்சாரம் ஓட வேண்டும். மனித உடலுக்கோ 10 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு, தசையை இறுக்கிப் பிடித்ததை விடமுடியாமல் செய்யப் போதும். 30 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் உடலில் தொடர்ந்து ஓடினால் மூச்சும் இதயமும் தாங்கா. ஓர் ஆயிரம் வாட் விளக்கில் ஓடும் மின்சாரம் அந்தப் பத்து மில்லி ஆம்பியரைப் போல் நானூறு மடங்கு. ஒருவர் உயிரை எடுக்கும் கசிவு உருகியின் கணக்கில் ஒரு பொருட்டே ஆகாது. விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும்.

இந்த இடைவெளியை அடைத்த கருவியும் சுரங்கத்திலிருந்தே வந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் மின் விபத்துகள் பெருங்கவலையாக இருந்தன. ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955இல், 250 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்வழியைத் துண்டிக்கும் அமைப்பொன்றைச் செய்தார். அதற்கு முந்தியவை பத்து ஆம்பியர் அளவு கசிந்த பிறகே விழித்துக்கொள்பவை. மறு ஆண்டே இருபது மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவை உணரும் மாதிரியை அவர் கண்டார். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது ஓயாமல் நிறுத்துப் பார்க்கிறது; வேறுபட்டால், எங்கோ யார் வழியாகவோ கசிகிறது என்று பொருள். இந்நாட்டு மக்கள் ‘இ.எல்.சி.பி.’ என்று வழங்கும் விசை அந்தத் தத்துவத்தில் இயங்குவதே.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் இதற்கு அளவு வகுத்துள்ளன. கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர். ஈரம் தங்கும் தரையுள்ள இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர். பொதுக் கேளிக்கை இடங்களுக்கும் அதே 10. மேடையையும் ஈரத்தரையையும் சட்டம் ஒரே வரிசையில் வைத்திருப்பது சிந்தித்துச் செய்த செயல். வியர்த்த உடல், வெறுங்கால், கையில் உலோக மைக், இருட்டு, அவசரம் யாவும் ஒன்றுசேரும் இடம் மேடையன்றி வேறெது?

எல்லா அபாயத்திற்கும் அந்த விசை மருந்தாகாது. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உள்பட 11 பேர் மாண்டனர். அங்கே கசிவுத் தடுப்பு விசை இருந்திருந்தாலும் பயன் இல்லை. தேரின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் முன்னதாக அளந்திருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்திற்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டத்து வழக்கத்தின் மிச்சமாகிய ஜெனரேட்டரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. திறந்த வெளியில் மேடை போடுவோர் இன்றும் அதை வாடகைக்கு எடுக்கின்றனர். அதனுள் நடுக்கம்பியும் நிலத்தொடர்பும் இணைக்கப்படாமல் இருந்தால், கருவிகளின் கூட்டில் கசிந்த மின்சாரத்திற்குத் திரும்பும் வழி இராது. கசிவுத் தடுப்பு விசை அதை உணராமலே இருந்துவிடும். விசையின்மீதுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் அது சரியாகவே விழும். ஏனெனில் அந்தப் பொத்தான் விசையைச் சோதிக்கிறதேயன்றி நிலத்தொடர்பைச் சோதிப்பதில்லை. பொத்தானை நம்பி நிம்மதி அடைந்த விழாக்குழுவினர், உண்மையில் காவலின்றியே இரவு முழுவதும் நாடகம் நடத்தியவர் ஆவர். ஆகையால் தாமிரக் கம்பத்தை ஈரமண்ணில் ஆழ அடித்து, இணைப்பை உரிமம் பெற்ற வயர்மேன் தம் அளவுமானியால் அளந்து பார்த்த பிறகே முதல் விளக்கை ஏற்றுவது முறை. அந்தச் சோதனை பகல் வெளிச்சத்தில், மைக் பிடிக்கும் சிறுவர்கள் மேடை ஏறுவதற்கு முன் நடைபெறுதல் வேண்டும்.